பானகத்துக்கு டி கிரேடு

(சிங்கப்பூர், அங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள கோப்பிக் கடை. ஏப்ரல் முதல் வாரம், சனிக்கிழமை காலை பத்து மணி. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. தனம் அக்கா பள்ளிக்கூட கேண்டீனில் முப்பது வருடம் மீ கோரெங் விற்றுவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது வசிப்போர் குழுவில் தொண்டூழியர். பிரபு மதுரைக்காரர், கணினி வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. யார் என்ன கேட்டாலும் தலையாட்டுகிற பழக்கத்தால் அவரும் தொண்டூழியர் ஆகிவிட்டார்.)

பிரபு: அக்கா, உங்களுக்கு என்ன சொல்லட்டும்?

தனம்: தே சி சியூ தாய்.

பிரபு: டீ வேண்டாமா?

தனம்: அதைத்தான் தம்பி சொன்னேன். எட்டு மாதமாக நீ என்ன சொல்லி வாங்குகிறாய்?

பிரபு: 'டீ' என்பேன். அவர் ஏதோ திருப்பிக் கேட்பார். 'யெஸ்' என்பேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிறத்தில் வரும். வந்ததைக் குடித்துவிடுவேன்.

தனம்: நல்லா இருக்கு. கேட்டுக்கொள். தே என்றால் டின்னில் வரும் இனிப்புக் கட்டிப் பால் போட்ட டீ. தே சி என்றால் கட்டிப் பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும். சியூ தாய் என்றால் இனிப்புக் குறைவு. ஓ வந்தால் பால் கிடையாது. கோசோங் வந்தால் சீனி கிடையாது.

பிரபு: அப்படியானால் தே ஓ கோசோங்கில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. காசு எதற்கு?

தனம்: மின்விசிறிக்கு. போய்ச் சொல்லிவிட்டு வா.

(பிரபு போய் வருகிறார். கையில் கிளாஸ்களோடு சுருட்டிய காகிதம் ஒன்று.)

பிரபு: அக்கா, நம் விழாவுக்கு நோட்டீஸ் தயார். ஐம்பது பிரதி அச்சடித்துவிட்டேன். பாருங்கள்.

தனம்: (கண்ணாடி போட்டுப் படிக்கிறார்) 'வசந்த விழா. உணவு, பானம், கலை நிகழ்ச்சி.' எந்த வசந்தம்?

பிரபு: வசந்த காலம்தான்.

தனம்: சிங்கப்பூரில் வசந்தம் என்றால் டிவி ஒளிவழி. நாடகம் போடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இதென்ன, ரோஸ் கலரில் பூ?

பிரபு: சகுரா, அக்கா. நானே எடுத்த படம். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் போன வாரம் மரம் முழுக்கப் பூத்துக் கிடந்தது. அம்மாவுக்கு அனுப்பினேன். 'ஜப்பானுக்கா அனுப்பிவிட்டார்கள்' என்று கேட்டு அழுதுவிட்டார்.

தனம்: அது டிரம்பெட் மரம். அமெரிக்கப் பக்கத்து வெப்ப நாட்டு மரம். கொஞ்ச நாள் காய்ந்துவிட்டு ஒரு மழை பெய்தால் பூத்துத் தள்ளிவிடும். ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டு செப்டம்பர் வாக்கில் இன்னொரு தடவை. உண்மையான சகுரா பார்க்க வேண்டுமா, கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போ. கண்ணாடிக் கூடத்துக்குள் ஏர்கான் போட்டு வைத்திருக்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு போய் வசந்தத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

பிரபு: சரி, மரம் போகட்டும். சித்திரை, வைகாசி நமக்கு இளவேனில்தானே?

தனம்: உனக்கு. இங்கே வடகிழக்குப் பருவமழை மார்ச்சு தொடக்கத்தோடு முடியும், தென்மேற்கு ஜூனில்தான் வரும். நடுவில் இருக்கிறதே, அதுதான் உன் இளவேனில். காலையில் புழுக்கம், மத்தியானம் இடி. 2023 மே 13ஆம் தேதி இதே அங் மோ கியோவில் 37 டிகிரி. அதற்கு முன்னால் அந்த அளவு தொட்டது 1983 ஏப்ரலில், தெங்காவில். நாற்பது வருட சாதனையை நம் பேட்டை எட்டிப் பிடித்தது, தெரியுமா!

(இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் தெரிந்தது பெருமை. வெயிலுக்குப் பெருமைப்படுகிறவர்கள் மதுரையில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று பிரபு அதுவரை நினைத்திருந்தார். மேலே எங்கோ தம் தம் என்று சத்தம்.)

பிரபு: இடி இடிக்கிறது அக்கா. துணி காய்கிறது.

தனம்: பத்து மணிக்கு எங்கே இடி? அது ஒன்பதாம் மாடி மாக்சிக், அந்த மலாய் ஆன்ட்டி வீடு. பேரப் பையன்கள் கொம்பாங் அடித்துப் பழகுகிறார்கள். மலாய்ப் பறை. ஒரு மாதமாக இதே கூத்துத்தான்.

பிரபு: நான் ஒரு மாதமாகத் துணி எடுத்து உள்ளே வைக்கிறேன்.

தனம்: சரி, விஷயத்துக்கு வா. வசந்தம் என்றால் சீனர்களுக்குப் பிப்ரவரியிலேயே வந்து போய்விட்டது. சீனப் புத்தாண்டுக்கு வசந்த விழா என்றுதான் பெயரே. உன் ஆபீசில் லோ ஹெய் செய்தார்களா?

பிரபு: அதை ஏன் கேட்கிறீர்கள். பெரிய தட்டில் காரட், முள்ளங்கி, வேர்க்கடலை எல்லாம் அழகாக வைத்திருந்தார்கள். சாப்பிடப் போகிறோம் என்று உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்து நின்று குச்சியால் மேலே தூக்கிப் போட்டு 'ஹுவாட் ஆ!' என்று கத்தினார்கள்.

தனம்: உயரமாகப் போட்டால் வருமானம் உயரும்.

பிரபு: அப்படித்தான் சொன்னார்கள். நானும் போட்டேன். மேலாளருடைய சட்டையில் போய் விழுந்தது. அவருக்குச் சலவைக் கூலி உயர்ந்தது.

தனம்: நீ சைவமாயிற்றே. அதில் பச்சை மீன் இருக்குமே?

பிரபு: முன்பே சொல்லிவிட்டேன். பாவம், எனக்காக மீனைத் தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தார்கள். அப்புறம் பதினாறு பேர் சேர்ந்து கலக்கினார்கள்.

தனம்: (சிரிப்பில் தே சிந்துகிறது) சரி சரி. நம் விழாவில் என்ன போடப் போகிறாய்?

பிரபு: எல்லாம் யோசித்துவிட்டேன். பானகம், நீர்மோர், மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். வேப்பம்பூ இலவசம். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு ஏணியோடு...

தனம்: தம்பி! இலையைக் கூடத் தொடாதே. பொது இடத்து மரம், பூவும் பிஞ்சும் அரசாங்கச் சொத்து. தேசியப் பூங்காக் கழகம் பிடித்தால் அபராதம். மதுரையில் உன் அம்மாவிடம் என்ன சொல்வாய்? ரசத்துக்குப் பூப் பறித்தேன், கோர்ட்டுக்குப் போகிறேன் என்றா?

பிரபு: ஜப்பான் கோர்ட்டா என்று கேட்பார்.

தனம்: லிட்டில் இந்தியாவில், தேக்காவில் காய்ந்த வேப்பம்பூ பாக்கெட்டில் கிடைக்கும். அதை வாங்கு. பானகம் நல்ல யோசனை. பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் கோயிலில் காவடி பார்க்க நின்று நின்று நாக்கு வறண்டு போகும். அப்போது ஒரு கிளாஸ் பானகம் கிடைத்தால் உயிரே திரும்பி வரும். அதில் எத்தனை வெல்லம் போடுவாய்?

பிரபு: ஒரு லிட்டருக்கு 200 கிராம். எங்கள் பாட்டி கணக்கு.

தனம்: (கைப்பேசியில் கணக்குப் போடுகிறார்) உன் பாட்டி டி கிரேடு.

பிரபு: அக்கா! அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

தனம்: பாட்டி இல்லை தம்பி, பானகம். நியூட்ரி-கிரேட் பார்த்ததில்லையா? டின்னிலும் பாட்டிலிலும் 2022 கடைசியில் ஆரம்பித்தது. ஒரு வருடம் கழித்துக் கடையில் கலக்கிக் கொடுக்கும் பானத்துக்கும் வந்துவிட்டது. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. உன் பானகம் அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலே நிற்கிறது.

பிரபு: நாம் விற்கவில்லையே, சும்மாதானே கொடுக்கிறோம்?

தனம்: சட்டம் கேட்காது. மூன்றாம் மாடி ஓய்வு பெற்ற தாதி கேட்பார். வாளியை முகர்ந்து பார்த்தே கிரேடு சொல்லிவிடுவார்.

பிரபு: அப்படியானால் நீர்மோர்?

தனம்: அது தப்பித்துவிடும். ஆனால் எதிர் வீட்டு அங்கிள் குடிக்க மாட்டார். உப்புப் போட்ட தயிர்த் தண்ணீரை விருந்தாளிக்குக் கொடுப்பார்களா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

பிரபு: சாப்பாட்டுக்கு வடை போடலாமா? வடைக்கு யார் குறை சொல்லப்போகிறார்கள்?

தனம்: இறால் வைத்தா, வைக்காமலா?

பிரபு: வடையில் இறால் எதற்கு?

தனம்: இந்த ஊரில் வடை என்றால் உச்சியில் ஒரு முழு இறால், கையில் ஒரு பச்சை மிளகாய். நீ பார்த்ததே இல்லையா?

பிரபு: பார்த்தேன். உச்சியில் அழகுக்குச் சிவப்புக் குடைமிளகாய் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து...

தனம்: கடித்தாயா?

பிரபு: மீசை முளைத்திருந்தது அக்கா, அதற்கு.

(கொஞ்ச நேரம் மௌனம். மரியாதைக்குரிய மௌனம்.)

தனம்: சரி, இப்படிப் பார். மாட்டிறைச்சி கிடையாது. நமக்காக மட்டும் இல்லை, சீனர்களில் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர்கள் நிறையப் பேர் அதைத் தொட மாட்டார்கள். பன்றி கிடையாது. எல்லாமே ஹலால். பௌத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பூண்டும் வெங்காயமும் கூடாது. உனக்கு மீசை கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது?

பிரபு: இடியாப்பம்!

தனம்: அட! இங்கே பூத்து மாயாம் என்பார்கள். தேங்காய்ப் பூவும் ஆரஞ்சுக் கலர் சீனியும் போட்டுச் சாப்பிடுவோம். மாக்சிக்குக்கும் பிடிக்கும், எதிர் வீட்டு அங்கிளுக்கும் உயிர்.

பிரபு: ஆரஞ்சுக் கலர் சீனியா? மூன்றாம் மாடித் தாதி?

தனம்: கிரேடு பானத்துக்குத்தான். தட்டுக்கு இல்லை.

பிரபு: அப்புறம் நோன்பு மாதத்தில் ஒரு கஞ்சி குடித்தேனே, அதையும் சேர்க்கலாம். நண்பர் ஒருவர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமியா சூலியா பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனார். அவருக்கு ஆட்டுக்கறி போட்ட கஞ்சி. எனக்கு அவரே தனியாகச் சைவக் கஞ்சி வாங்கி வைத்திருந்தார். மிளகும் இஞ்சியுமாக, அப்பா!

தனம்: 1826இல் நம் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசலாயிற்றே. ஆனால் அந்தக் கஞ்சிக்குச் சுவை நோன்புப் பசியில்தான். ஞாயிற்றுக்கிழமை பிராத்தா தின்றுவிட்டு வருகிறவனுக்குக் கொடுத்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பான். வேண்டாம். நாள் எப்போது?

பிரபு: 14ஆம் தேதி, புத்தாண்டு அன்றே. விடுமுறைதானே?

தனம்: யார் சொன்னது? இங்கே தீபாவளிக்கு மட்டும்தான் நமக்கு விடுமுறை.

பிரபு: அலுவலகத்தில் 'ஹாலிடே, வரமாட்டேன்' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேனே! மேலாளர் பதிலுக்கு 'ஹாப்பி ஹாலிடே' என்று வேறு போட்டார்.

தனம்: அவருக்கு உன்மேல் சட்டைக் கோபம் இருக்கும். திங்கள்கிழமை பேசிக்கொள். இந்த வாரம் சிங் மிங், சீனக் குடும்பங்கள் முன்னோர் கல்லறைக்குப் போய்விடும். ஆக இந்த வாரம் இல்லை. அடுத்த இரண்டு வாரமும் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள். பட்டிமன்றம், கவிதை, நாடகம். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தமிழ் பேசப் போய்விடும்.

பிரபு: வீட்டில் பேச மாட்டார்களா?

தனம்: வீட்டில் எதற்குத் தம்பி? அங்கே மைக் இருக்கிறது.

பிரபு: அப்படியானால் மாதத்தின் கடைசி ஞாயிறு. காலை ஒன்பது முதல் ஒன்று வரை. இடிக்கு முன்னால் முடித்துவிடலாம். சிங் மிங் இல்லை, பட்டிமன்றம் இல்லை, நோன்பும் இல்லை.

தனம்: பரவாயில்லையே, தேறிவிட்டாய். கீழ்த்தளத்தை முன்பதிவு செய்ய வேண்டும். இரு, குழுத் தலைவருக்குச் செய்தி போடுகிறேன்.

(போடுகிறார். தே சி ஆறுகிறது. பதில் வருகிறது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படிக்கிறார்.)

பிரபு: என்ன அக்கா?

தனம்: அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய்விட்டது. கல்யாணம். நோன்பு மாதத்தில் வைக்க மாட்டார்கள். பெருநாள் முடிந்ததும் வரிசையாக வரும். எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

பிரபு: யார் வீட்டுக் கல்யாணம்?

(மேலே தம் தம் தம் என்று கொம்பாங். இருவரும் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.)

தனம்: மாப்பிள்ளை அழைப்புக்குப் பழகியிருக்கிறார்கள்! நான் கூத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரபு: நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது நம் விழா என்ன ஆவது?

தனம்: யோசித்துப் பார். பந்தல் அவர்களுடையது. மேசை நாற்காலி அவர்களுடையது. புளோக் முழுக்கச் சொல்லுவார்கள், எல்லாரும் வருவார்கள். நெய்ச்சோறு, ரெண்டாங் இறைச்சிக் கறி, அச்சார்.

பிரபு: எனக்கு?

தனம்: உனக்கு அச்சார். நான் போய் மாக்சிக்கிடம் பேசுகிறேன். ஓரமாக ஒரே ஒரு மேசை கொடுங்கள், இடியாப்பமும் பானகமும் எங்கள் செலவு என்று. மாட்டேன் என்று சொல்ல மாட்டார். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வந்து வெங்காயம் உரித்தவர்.

பிரபு: பானகம் டி கிரேடு என்றீர்களே?

தனம்: அங்கே பண்டோங் வைப்பார்கள். ரோஜாச் சிரப்பும் கட்டிப் பாலும். அதற்குப் பக்கத்தில் வைத்தால் உன் பாட்டி தேவலை.

பிரபு: சரி. கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டுமே, எவ்வளவு?

தனம்: இங்கே மைக்கில் படிக்க மாட்டார்கள், பயப்படாதே. உறையில் போட்டு, கை குலுக்கும்போது கைக்குள் வைத்துவிட வேண்டும். சத்தமில்லாமல்.

பிரபு: அப்படியானால் எவ்வளவு கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாதா?

தனம்: மாக்சிக்குக்குத் தெரியும். தாதிக்கும் எப்படியோ தெரிந்துவிடும்.

பிரபு: (நோட்டீஸ் கட்டைப் பார்த்து) இந்த ஐம்பதையும் என்ன செய்வது அக்கா? கலர் அச்சு.

தனம்: (ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறார்) பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது. இடியாப்பத் தட்டுக்குக் கீழே விரிக்கலாம். பூப் பக்கம் மேலே இருக்கட்டும். உன் அம்மாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு.