சன்மானம் எவ்வளவு என்று கேளுங்கள்

'பிரசுரமாகும் படைப்புகளுக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும்.' தமிழ் வார, மாத இதழ்களில் படைப்பு கேட்டு வரும் பெட்டிச் செய்தியில் தலைமுறை தலைமுறையாக இந்த வரி இருக்கிறது. எத்தனை பக்கத்துக்குள் எழுத வேண்டும், கடைசித் தேதி எது என்பதெல்லாம் அதே பெட்டியில் கறாராகப் போட்டிருக்கும். தொகை மட்டும் 'தக்க' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். தாள் விற்கிறவரிடமோ அச்சகத்திடமோ 'தக்க தொகை தருகிறோம்' என்று சொல்லி எந்த இதழும் வேலை வாங்க முடியாது. எழுதுகிறவரிடம் முடிகிறது என்றால், நாம் கேட்பதில்லை என்பதுதான் காரணம். கேட்டால் படைப்பை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. தொகை கேட்டதற்காக நல்ல கட்டுரையை ஒதுக்குகிற இதழ், பிரசுரித்த பிறகும் பணம் தர இழுத்தடிக்கத்தான் போகிறது. முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே கேட்கலாம், எங்கே கேட்கக் கூடாது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. 1933-இல் தொடங்கிய மணிக்கொடி, 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து என்று வரும் சிற்றிதழ் மரபு, நடத்துகிறவர்கள் கைக்காசைப் போட்டு நடத்திய மரபு. இன்றும் சில நூறு பிரதி அச்சிட்டு, தபால் செலவையும் தாங்களே சுமப்பவர்களிடம் சன்மானம் கேட்பது முறையில்லை. 'எங்களால் சன்மானம் தர இயலாது, இரண்டு பிரதி அனுப்புவோம்' என்று அவர்கள் வெளிப்படையாகப் போட்டுவிட்டால் போதும். அட்டையில் விலையும் உள்ளே முழுப்பக்க விளம்பரமும் இருக்கிற இதழுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருப்பவற்றிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் படைப்பு அச்சில் வரப்போகிறதா, இணையத்தில் மட்டும் வரப்போகிறதா? 1941-இல் தொடங்கிய கல்கியே 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. பல நிறுவனங்களில் அச்சுக்கு ஒரு தொகை, இணையப் பக்கத்துக்கு வேறு தொகை. அச்சு இதழை நினைத்து அனுப்பிய கட்டுரை சத்தமில்லாமல் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டால், 'அது சன்மானப் பகுதி இல்லையே' என்று பதில் வரும். 'அச்சு இதழின் பரிசீலனைக்கு மட்டும்' என்று கடிதத்தில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

அனுப்பும் முன் அந்த இதழின் கடைசி நான்கு இதழ்களையாவது எடுத்து, யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு வாரமும் அதே பெயர்கள் வந்தால் அவர்கள் அலுவலக ஆட்கள் அல்லது தொடர் எழுதுகிறவர்கள். அந்தப் பக்கத்தில் உங்களுக்கு இடமில்லை. பெயர் மாறிக்கொண்டே இருக்கும் பக்கம்தான் வெளி எழுத்துக்குத் திறந்திருக்கும் கதவு. அநேகமாக அது ஒரு பக்கக் கதை, சமையல் குறிப்பு, கோயில் கட்டுரை, பயணக் கட்டுரை, சிறுவர் கதை, விவசாய அனுபவம் போன்ற ஒன்றாக இருக்கும். எல்லோரும் சிறுகதையைத்தான் அனுப்புகிறார்கள். ஆசிரியர் குழுவின் மேசையில் அதிகம் குவிந்து கிடப்பதும் அதுதான். தொடர்ந்து சன்மானம் பெற விரும்புகிறவர்கள் தகவல் கட்டுரைக்கு வர வேண்டும். அதிகம் பேர் அறியாத ஒரு கோயிலுக்கு நேரில் போய், நடை திறக்கும் நேரம், போகிற பஸ், கல்வெட்டு சொல்வது, அர்ச்சகரின் அலைபேசி எண் (அவர் சம்மதத்தோடு) எல்லாம் சேர்த்து எழுதினால், மறுபடி சரிபார்க்க அலைய வேண்டாம் என்பதாலேயே உதவி ஆசிரியர் அதை முன்னால் எடுத்து வைப்பார்.

அளவு விஷயத்தில் இதழ்கள் பக்கக் கணக்கில் பேசும், நீங்கள் சொல் கணக்கில் எழுதுவீர்கள். வார இதழின் ஒரு பக்கக் கதைக்கு, படத்துக்கு இடம் விட்டுப் பார்த்தால் சுமார் 250 முதல் 300 சொல். வெளியான ஒரு கதையை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் அந்த இதழின் அளவு துல்லியமாகக் கிடைக்கும். 450 சொல்லில் அனுப்பினால் அவர்கள் வெட்டுவார்கள். வெட்டு பெரும்பாலும் கடைசியில்தான் விழும். ஒரு பக்கக் கதையின் உயிரே கடைசி வரியில் இருக்கும்போது, இது கதையைக் கொல்லும் வேலை. நீங்களே குறைத்து அனுப்புங்கள்.

எழுத்துரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரிசீலனைக்கே போகாமல் படைப்புகள் மடிவது இங்கேதான். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பாக அனுப்புங்கள். அதோடு கடிதத்தின் உடலிலும் முழுப் படைப்பையும் ஒட்டிவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள்: அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி, வரிகள் உடைந்து வரும். லே-அவுட் செய்பவர் ஒவ்வொரு சொல்லையும் திருத்த வேண்டியிருக்கும், அவருக்கு அதற்கு நேரம் கிடையாது. நோட்டில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அப்படித்தான்; யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்தாக வேண்டும். சில அலுவலகங்களில் இன்னும் பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அதனால் உங்கள் கட்டுரையில் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றும்போது அது பொருளற்ற தமிழ் எழுத்துக் கூட்டமாகிவிடும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், மருந்துப் பெயர் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள். யூனிகோடிலேயே இன்டிசைன் என்ற மென்பொருளில் பக்கம் கட்டுகிற இடங்களிலும், அதில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்புகள் புரண்டுவிடும். இது அவர்கள் பக்கத் தவறுதான். ஆனாலும் மெய்ப்பு (அச்சேறும் முன் திருத்திப் பார்க்கும் பக்கம்) அனுப்ப முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை.

படம் அனுப்புவதாக இருந்தால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆறு அங்குல அகலத்தில் வர வேண்டிய படம் 1800 பிக்சலாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்புங்கள். படத்துக்குத் தனிச் சன்மானம் உண்டா என்றும் கேளுங்கள்.

இனி உறுதிமொழி. 'இது என் சொந்தக் கற்பனையே. தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று. வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்வார்கள். நியாயமான கோரிக்கை, சத்தியமாகவே அதைக் கடைப்பிடிக்க வேண்டும். முகநூலில் போட்டுவிட்டு நூறு லைக் வாங்கிய கதையை அனுப்பாதீர்கள். பெரும்பாலான இதழ்களுக்கு அது ஏற்கெனவே வெளியான படைப்புதான். நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தாலும், யாராவது நகலெடுத்து வெளியே போட்டிருந்தால் ஒரு வரியைத் தேடினாலே அகப்பட்டுவிடும். ஒரே கதை ஒரே வாரத்தில் இரண்டு இதழ்களில் வந்துவிட்டால் இரண்டு இடத்திலும் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்துவிடும்.

ஆனால் அந்த உறுதிமொழிக்குக் கீழே நீங்கள் சேர்க்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. அதை யாரும் சேர்ப்பதில்லை. 'இந்தப் படைப்பின் முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் தங்கள் இதழுக்கு அளிக்கிறேன். நூலாக்கம், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் உள்ளிட்ட பிற உரிமைகள் என்னிடமே இருக்கும்.' இவ்வளவுதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இதில் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது. வெளியிலிருந்து எழுதுகிறவரின் படைப்புக்கு அவரே முதல் உரிமையாளர். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்துமூலம் கையெழுத்திட்டுத்தான் கொடுக்க முடியும் என்கிறது 19-ஆம் பிரிவு. எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். எனவே 'பிரசுரமாகும் படைப்புகளின் உரிமை அனைத்தும் எங்களுக்கே' என்று பெட்டியில் அச்சடித்துவிட்டால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் அதையே ஒரு படிவமாக நீட்டி நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் கதை வேறு. போட்டிகளில் இது அதிகம் நடக்கிறது. பரிசு பெறாத கதைகளின் உரிமையும் இதழுக்கே என்று விதி இருந்தால், கையெழுத்திடும் முன் அந்த விதியை மட்டும் நீக்கித் தரச் சொல்லுங்கள். பரிசுக்கு ஈடாக உரிமை கேட்பதையாவது புரிந்துகொள்ளலாம், நிராகரித்த கதையையும் வைத்துக்கொள்வேன் என்பது அநியாயம்.

காத்திருப்புக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பிய அந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிய உறையை இணைத்தால் படைப்பாவது திரும்பி வரும். மின்னஞ்சலில் மௌனம்தான் நிராகரிப்பு. மூன்று மாதம் கழித்து 'இன்ன தேதியில் அனுப்பிய இன்ன கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இனி பரிசீலிக்க வேண்டாம்' என்று ஒரு வரி எழுதி, ஒரு வாரம் விட்டு, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அனுப்பினால் ஆறாவது மாதம் முதல் இதழ் அதை எடுத்துப் போட்டுவிடும், பழி உங்கள் மேல் விழும். தீபாவளி மலருக்கு எழுதுகிறவர்கள் ஆடியிலேயே அனுப்பிவிட வேண்டும். புரட்டாசியில் அனுப்புவது அடுத்த வருஷத்துக்குத்தான்.

ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்ததும் தொகையைக் கேளுங்கள். அதுதான் சரியான நேரம். 'படைப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. இந்தப் பகுதிக்கான சன்மானம் எவ்வளவு, வெளியான எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.' குழைய வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். தொலைபேசியில் சொன்னாலும், 'தாங்கள் இன்று சொன்னபடி இவ்வளவு ரூபாய்' என்று மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் சாட்சி.

பணம் வராமல் போவதில் கணிசமான பங்கு நம் பக்கத் தவறுதான், அதையும் சொல்லியாக வேண்டும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைக் கொடுப்பதில்லை. காசோலை புனைபெயரில் வந்து, வங்கி ஏற்காமல் திரும்பிப் போகிறது. காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான், மேசை இழுப்பறையில் வைத்து மறந்தால் செல்லாது. ஒவ்வொரு படைப்பின் கீழும் புனைபெயர், வங்கியில் உள்ள பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண், பான் எண், முகவரி, அலைபேசி எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். படைப்பை எடுப்பது ஆசிரியர் குழு, பணம் போடுவது கணக்குப் பிரிவு. இரண்டும் வெவ்வேறு அறை, பல இடங்களில் வெவ்வேறு கட்டடம். பழைய மின்னஞ்சலைத் தேடி உங்கள் கணக்கு எண்ணை எடுக்க அங்கே யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

ஒரே நிறுவனத்திடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. பான் கொடுக்காவிட்டாலோ, ஆதாரோடு இணைக்காமல் அது செயலிழந்திருந்தாலோ 20 சதவீதம். பிடித்த வரி உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

ஒரு எக்செல் தாள் வைத்துக்கொள்ளுங்கள்: படைப்பு, இதழ், அனுப்பிய தேதி, ஏற்ற தேதி, வெளியான இதழின் தேதியும் பக்க எண்ணும், சொன்ன தொகை, வந்த தொகை, வந்த நாள். வெளியான பக்கத்தைப் படமெடுத்துச் சேமித்துவிடுங்கள். இதழ் வெளியாகி 45 நாளில் பணம் வரவில்லை என்றால் ஆசிரியர் குழுவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல். அதில் இதழ் தேதி, பக்க எண், பேசிய தொகை, வங்கி விவரம் நான்கும் இருக்கட்டும். இன்னொரு மாதம் கழித்து இரண்டாவது மின்னஞ்சல். அதற்கும் பதில் இல்லையென்றால், இதழில் அச்சிட்டிருக்கும் வெளியீட்டாளர் பெயருக்குப் ஸ்பீட் போஸ்டில் கடிதம். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 300 ரூபாய்க்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை, அவர்களுக்கும் அது தெரியும். ஆனால் வெளியீட்டாளர் மேசைக்குக் கடிதம் போனால், கணக்குப் பிரிவில் முடங்கிக் கிடந்த காகிதம் நகர வாய்ப்பு உண்டு. அதுவரை அந்த இதழுக்கு அடுத்த படைப்பை அனுப்பாதீர்கள்.

ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. பக்கத்துக்கு இருநூறு தர முடிந்தால் இருநூறு என்றே போடுங்கள். 'ஒரு பக்கக் கதைக்கு இவ்வளவு ரூபாய். வெளியான 30 நாளில் வங்கிக் கணக்கில் சேரும். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் எங்களுடையது. மூன்று மாதத்தில் தகவல் இல்லையெனில் வேறு இதழுக்கு அனுப்பலாம்.' நான்கே வரி. படைப்பு கேட்கும் பெட்டியில் 'தக்க சன்மானம்' இருக்கிற இடத்தில் தாராளமாக அடங்கும்.