அந்தப் ‘பாட்டி’க்குப் பேர் இருக்கிறது

முகநூல் பக்கம் ஒன்று போட்ட அந்த நாட்டுப்புறப் பாட்டு வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை இன்னொரு நண்பரும் அதையே அனுப்பி, "கேளுங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்கிறார். பிடிக்கும்தான். கொல்லங்குடி கருப்பாயி அம்மாவின் குரல் எனக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் மேலே என்ன எழுதியிருக்கிறது? "யாரோ ஒரு கிராமத்துப் பாட்டி, என்ன குரல்டா!"

யாரோவா? வானொலியில் பாடியவர். 1985-ல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்து, பாடி, தமிழ்நாடு முழுக்க முகம் தெரிந்தவர். 2025 ஜூனில் அவர் காலமானபோது இதே முகநூலில் எத்தனை இரங்கல் பதிவுகள்! அவரையே இப்படி எழுதினால், ஊர்க் கோயில் கொடையில் மட்டும் பாடிவிட்டுப் போகிற அம்மாக்களை என்னவென்று எழுதுவீர்கள்?

அந்தப் பதிவின் கீழே கருத்தாக அவர் பேரைச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பக்கத்தை நடத்துகிறவர், "நாட்டுப்புறப் பாட்டு மக்களோடது சார், அதுல போய் பேரத் தேடாதீங்க, ரசிங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் என் கருத்தையே காணோம்.

நான் கேட்பது ஒன்றுதான். பகிருங்கள், தாராளமாகப் பகிருங்கள். பாடியவர் பேரைப் போட்டுப் பகிருங்கள். ஊர் தெரிந்தால் அதையும் போடுங்கள்.

‘மக்களோடது’ என்ற அந்த வாதத்துக்கு வருகிறேன். பாட்டைக் கட்டியது யாரென்று பெரும்பாலும் தெரியாது, சரி. ஊருக்கு ஊர் மாற்றிப் பாடுவார்கள், அதுவும் சரி. ஆனால் அந்த வீடியோவில் பாடுவது ஒரு மனுஷியின் தொண்டை. எங்கே இழுப்பது, எந்தச் சொல்லை அழுத்துவது, எந்த இடத்தில் மூச்சு வாங்கி அடுத்த அடியைப் பிடிப்பது என்பதெல்லாம் அவருடையது. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை 1960-களில் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்தபோது, பாட்டுக்குக் கீழே உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த இடம் என்று போட்டார். மக்களின் பாட்டு என்பது அவருக்குத் தெரியாதா? நோட்டும் பேனாவுமாகச் சேகரித்த காலத்திலேயே முடிந்தது, கையில் போன் வைத்திருக்கும் நமக்கு முடியவில்லையா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 38பி பிரிவின்படி, பாடியது தான்தான் என்று அடையாளம் காட்டக் கேட்கும் உரிமை பாடுகிறவருக்கு உண்டு. நிகழ்த்துபவர் யார் யார் என்று அதே சட்டம் சொல்லும் பட்டியலில் பாம்பாட்டி வரைக்கும் இருக்கிறார். நாட்டுப்புறப் பாடகிக்கு மட்டும் இடமில்லையா?

எனக்கு இந்தப் பாட்டெல்லாம் எப்படி அறிமுகமானது தெரியுமா? தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேசட் கடையில். அப்பா விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கேசட் ஒன்று வாங்கி வந்தார். நாடா நைந்து போகிற அளவுக்குக் கேட்டேன். அட்டையில் பேர் இருந்ததால்தான் கடைக்கார அண்ணனிடம் போய், "இவங்க பாடுன வேற கேசட் இருக்கா? இவங்க மாதிரி வேற யாருண்ணே பாடுறாங்க?" என்று கேட்க முடிந்தது. அவர் புஷ்பவனம் குப்புசாமியை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராகப் பரவை முனியம்மா, கிடாக்குழி மாரியம்மாள் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு பேரைப் பிடித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனேன். "யாரோ ஒரு பாட்டி" என்று அன்றைக்கு அட்டையில் போட்டிருந்தால் கடைக்காரரிடம் நான் என்னவென்று கேட்டிருப்பேன்? இன்றைக்கு அந்த வீடியோவைக் கேட்டு உருகுகிற ஒரு கல்லூரிப் பையன் யூடியூபில் எதைத் தட்டித் தேடுவான்?

இவர்கள் பேரில் ஊரும் சேர்ந்தே இருக்கிறது, பாருங்கள். கொல்லங்குடி சிவகங்கைப் பக்கம். பரவை மதுரையை ஒட்டி. புஷ்பவனம் வேதாரண்யத்துப் பக்கம். பேரை வெட்டினால் அந்த மண்ணையும் சேர்த்து வெட்டுகிறீர்கள்.

"நல்ல எண்ணத்துலதானே போட்டாங்க, அவங்க போடலேன்னா உங்களுக்கே கிடைச்சிருக்காதே" என்பார்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. நல்ல எண்ணம் உள்ளவர் எதற்கு என் கருத்தை நீக்கினார்?

"பேர் தெரியலன்னா என்ன செய்றது?" தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

"தாளம் சேத்தாத்தான் இந்தக் காலத்துப் பசங்க கேப்பாங்க" என்று இன்னொருவர். அந்த வீடியோவின் அடியிலும் ஒரு கீபோர்டு தாளம் ஓடுகிறது. அந்தக் குரல் தானாகவே நிற்கும். அதற்கு முட்டுக் கொடுக்க நீங்கள் யார்? தாளம்தான் வேண்டுமென்றால் உறுமி இருக்கிறது, பம்பை இருக்கிறது. வளைந்த குச்சியால் உறுமியின் தோலைத் தேய்க்கும்போது எழும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால், அதன்மேல் எந்தக் கீபோர்டையும் ஏற்ற மனசு வராது.

உண்மையில் எனக்கு வலிப்பது அந்த ஒரு பக்கம் மட்டுமில்லை. சபாக் கச்சேரி அழைப்பிதழில் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று வரிசையாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீசில் உபயதாரர் பேர் பக்கம் பக்கமாக வரும். கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் இன்னார் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். விடிய விடிய நின்று நாகசுரமும் தவிலும் பம்பையும் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் ‘நையாண்டி மேளம் - குழுவினர்’. பறையைத் தீயில் காய்ச்சி இழவுக்கும் திருவிழாவுக்கும் அடித்தவர்களை எந்த நோட்டீசில் பேர் சொல்லிப் போட்டோம்? 2025-ல் மதுரைப் பறையிசை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது டெல்லியே பேர் சொல்லிக் கூப்பிட்டது. உள்ளூரில் நமக்கு வாய் வரவில்லை. யாருடைய பேர் விடுபடுகிறது, யாருடையது விடுபடுவதே இல்லை என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். சாதி எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். அது அங்கேயேதான் இருக்கிறது.

"ஒரு பேருக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்பவர்களுக்கு: ஆமாம், ஒரு பேருக்குத்தான். உங்கள் பேரை எடுத்துவிட்டு உங்கள் கவிதையை ஒருவர் பகிர்ந்தபோது நீங்கள் எழுதிய பதிவு இதைவிட நீளம். அன்றைக்கு உங்கள் பக்கம்தான் நின்றேன்.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கு: என் கருத்தைத் திரும்பப் போட வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்தப் பதிவைத் திருத்தி, ‘பாடியவர்: கொல்லங்குடி கருப்பாயி’ என்று ஒரு வரி சேருங்கள். திருத்தியதும் நானே அதைப் பகிர்கிறேன்.

மற்றவர்கள், உங்கள் ஊரில் மேடையேறிப் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் யாரென்று அவர்கள் சம்மதத்தோடு கீழே எழுதுங்கள். பேர், ஊர், வாத்தியம்.