நீல ஜெர்சி போட்டது ஒரு குத்தமா?

"இந்தியா ஃபுட்பால்லாம் ஆடுதா என்ன?" இதைக் கேட்காத ஆள் இந்த ஊரில் உண்டா? கேட்டுவிட்டுச் சும்மாவும் போக மாட்டார்கள். "ஷூ இல்லாம ஆடக்கூடாதுன்னு 1950 வேர்ல்டு கப்ல சேத்துக்கலையாமே!" ஐயா, யாரும் விரட்டலை. பயிற்சிக்கு நேரம் போதாது, டீம் தேர்வில் தகராறு என்று நம்ம சங்கமே போகவில்லை. 1951, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம் என்று ஆரம்பித்தால் போனை நோண்டுவார்கள்.

இவர்களேதான் அர்ஜென்டினாவுக்காக விடிய விடிய முழித்திருப்பவர்கள். மெஸ்ஸி என்ன சித்தப்பா பையனா? 2019 ஆசியக் கோப்பையில் டிரா பண்ணினாலே அடுத்த சுற்று என்ற நிலையில், பஹ்ரைனுக்குக் கடைசி நேரத்தில் பெனால்டியைத் தூக்கிக் கொடுத்தோமே, அன்றைக்கு ஒருத்தராவது கூட உட்கார்ந்து அழுதார்களா? 2024 ஜூனில் தோஹா. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயே போய்விட்டது. அதை உள்ளே இழுத்து கத்தார் கோல் போடுகிறது. நம்மாட்கள் கத்துகிறார்கள், ரெஃபரி கோல்தான் என்கிறார். வீடியோவைப் போட்டுப் பார்த்து முடிவைத் திருத்தும் விஏஆரும் கிடையாது. 2-1, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று அதோடு காலி. மறுநாள் ஆபீசில் வயிறெரிந்து சொன்னால் வந்த பதில்: "கத்தாரா? அங்கதானே நம்ம மெஸ்ஸி கப் அடிச்சாரு!"