கேரோஸ் கண்டுபிடித்தது அந்தக் கருவி அல்ல

"புரொப்பெல்லர் வழியாகச் சுடும் கருவியை ரோலான் கேரோஸ் கண்டுபிடித்தார், அவர் பிடிபட்டதும் ஜெர்மானியர்கள் அதை அப்படியே காப்பியடித்தார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேரோஸ் முதல் உலகப் போர்க்காலப் பிரெஞ்சு விமானி. பரவலாகச் சொல்லப்படும் கதைதான், ஆனால் சரியல்ல.

கேரோஸின் மொரான்-சோல்னியே விமானத்தில் இருந்தது வெறும் எஃகு ஆப்புகள். புரொப்பெல்லர் இதழ்களில் அவற்றைப் பொருத்தியிருந்தார்கள். இதழில் படும் தோட்டா ஆப்பில் மோதித் தெறித்துப் போகும், மற்றவை இடைவெளி வழியாகப் பாயும். அதை வைத்தே 1915 ஏப்ரலில் சில எதிரி விமானங்களை வீழ்த்தினார். அசாத்தியத் துணிச்சல் அது! ஏப்ரல் 18 அன்று ஜெர்மானியர் பகுதியில் தரையிறங்க நேர்ந்து பிடிபட்டார்.

அப்புறம் ஜெர்மானியருக்கு விமானம் செய்துகொடுத்த ஃபோக்கர் நிறுவனம் செய்தது வேறு வகை. எஞ்சின் சுழற்சியோடு துப்பாக்கியை இணைத்து, இதழ் குழாய்க்கு நேராக வராத நேரத்தில் மட்டும் சுட வைத்தார்கள். கேரோஸின் விமானம் அவசரத்தைக் கூட்டியிருக்கும். ஆனால் இந்த யோசனை போருக்கு முன்பே இருந்தது. ஜெர்மனியில் வேலை பார்த்த சுவிஸ் பொறியாளர் ஃபிரான்ஸ் ஷ்னைடர் 1913லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மொரான்-சோல்னியே நிறுவனப் பொறியாளர் ரேமோன் சோல்னியேவும் முயன்றார். தோட்டாக்கள் சில தாமதமாக வெடித்து இதழைத் துளைத்ததால்தான் அவர் ஆப்புக்கு வந்தார்.

கேரோஸ் ஏற்கெனவே 1913இல் மத்தியதரைக் கடலை இடைநிற்காமல் பறந்து கடந்தவர். அந்தப் பெருமையே அவருக்குப் போதும், சோல்னியே, ஷ்னைடர் பெயர்களை மறைக்க வேண்டாம்.