அவர் வைத்த பிள்ளைகள்

என் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் நாத்தனார் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணி, இனிமே எதுக்கு இந்தத் தோப்பு? யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டு, மகன்கிட்டப் போய் நிம்மதியா இருங்க." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும்தான் அண்ணனை இழந்திருந்தார். ஆனால் அந்த வாரத்தில் மட்டும் இதே வார்த்தையைக் குறைந்தது பத்துப் பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் பதினாறாம் நாள். அதே பேச்சு. வீட்டுக்காரரை இழந்த அந்தப் பெண் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து 2018 மே மாதம் ஓய்வு பெற்றேன். அதுவரைக்கும் தோப்பு எனக்கு லீவு நாளில் சாப்பாடு கொண்டுபோகிற இடம், அவ்வளவுதான். தண்ணீர், எரு, ஆள், காய் வெட்டு, வியாபாரி எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. "ரிட்டயர் ஆயிட்ட, இனிமே ரெண்டு பேருமாப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாவது மாதம் கஜா வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டுக் கதவை உள்ளிருந்து நாங்கள் இருவரும் முதுகால் முட்டுக் கொடுத்து நின்றோம். விடிந்து, வழியில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டித் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, 210 மரத்தில் நின்றது 14. சில வேரோடு சாய்ந்திருந்தன. சில நின்ற இடத்திலேயே கொண்டை திருகி முறிந்து தொங்கின. எல்லாம் என் மாமனார் கையால் வைத்தவை. என் வீட்டுக்காரர் சாய்ந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, இது எந்த வருஷம் வைத்தது, இது எந்த ஊர்க் காயில் முளைக்கப்போட்டது என்று ஒவ்வொன்றாகக் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இழவு வீட்டில் இறந்தவரைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருந்தது.

மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஐம்பது வருஷத்து மரத்துக்கு 1,100 ரூபாய். நான் இங்கே கணக்குப் பேச வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அறுக்க ஆளும் இயந்திரமும் கிடைக்காமல் பல தோப்புகளில் தண்டுகள் மாதக்கணக்கில் கிடந்து மக்கின. மக்கிய தென்னந்தண்டுதான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிற இடம். பழைய மரத்தைப் புயல் கொண்டுபோனது போதாதென்று, அதே தண்டுகளில் பெருகிய வண்டு புதிதாக வைத்த கன்றுகளின் குருத்துக்கு வந்தது.

ஆமாம், புதிதாக வைத்தோம். 2019 ஆடியில். அவருக்கு 62 வயது. ஊரில் சிலர் சிரித்தார்கள், இந்த வயதில் தென்னையா என்று. 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதைத்தான் அவரும் பதிலாகச் சொன்னார். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். நெட்டையும் குட்டையும் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு ரகம் நாலு, நாலரை வருஷத்தில் பாளை விட்டுவிடும். "பாதி வீரிய ஒட்டு, அது நமக்கு. பாதி நெட்டை, அது பேரனுக்கு." இப்படித்தான் அவர் பிரித்தார். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு எத்தனை முறை அலைந்திருப்பார் என்று எனக்கே கணக்கில்லை. கஜாவுக்குப் பிறகு நல்ல கன்றுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. 25 அடி இடைவெளி, மூன்றுக்கு மூன்று அடி குழி. நான் கயிறு பிடித்தேன், அவர் முளை அடித்தார். இடையில் உளுந்தும் கடலையும் போட்டோம். என் வாழ்நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து அதிகம் பேசியது அந்த மூன்று வருடத்தில்தான்.

2022 ஐப்பசியில் ஒரு விடிகாலை, மாரடைப்பு. தோப்புக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

வீரிய ஒட்டில் முதல் பாளை வெடித்தது 2024 தையில். தின்றுவிட்டுச் சாவான் என்று சொன்னவர் தின்னவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது.

சரி, பதினாறாம் நாளுக்கு வருகிறேன். "விட்டுவிடு" என்று சொன்னவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நான் காரியம் முடிந்த நாலாம் நாள் தோப்புக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன். நாலாவது வரிசையில் மூன்று கன்றுகளில் மட்டை விசிறி போலக் கத்தரித்துக் கிடந்தது. வண்டு குருத்தைத் தின்றால் விரிகிற மட்டை அப்படித்தான் இருக்கும். அவர் இருந்தால் அன்றைக்கே கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுத்திருப்பார். நான் கொட்டகைக்குள் போய் அவருடைய கம்பியைத் தேடி எடுத்தேன். வண்டை எடுக்கத் தெரியவில்லை, இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து மட்டை இடுக்குகளில் போட்டு, பாச்சை உருண்டையும் வைத்தேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இருபது நாளில் முதல் முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

வேலை செய்தால் துக்கம் மறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மறக்கவே இல்லை. தோப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான். ஆனால் வீட்டில் இருந்தால் அவர் இல்லாத நாற்காலி. தோப்பில் இருந்தால் அவர் விட்டுப்போன வேலை. எனக்கு இரண்டாவதுதான் தாங்க முடிந்தது. அந்த மாதத்தில் தோப்பையும் என்னிடமிருந்து வாங்கியிருந்தால், ஒரே மாதத்தில் இரண்டு சாவைப் பார்த்தவளாக ஆகியிருப்பேன்.

தோப்பில் பாதி அவர் தலைக்குள் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மண்ணுக்குள் போகும் பிவிசி பைப் எங்கே பிரிகிறது, எந்த கேட் வால்வைத் திறந்தால் எந்தப் பக்கம் தண்ணீர் போகும், மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்தால் என்ன செய்வது, வெட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று எதுவும் எனக்குத் தெரியாது. முதல் கோடையில் மூன்றாவது வால்வைக் கண்டுபிடிக்க நானும் எங்கள் வேலையாளும் ஒரு நாள் முழுக்கத் தோண்டினோம். அவர் ஒரு டைரி வைத்திருந்தார். அதில் வரவு செலவு இருந்தது, வால்வு இல்லை. இப்போது தம்பதியாக விவசாயம் பார்க்கிற என் வயதுக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் தோப்பை வரைந்து, பைப்பும் வால்வும் எங்கே என்று குறித்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அபசகுனம் என்று நினைக்காதீர்கள்.

காகித வேலை இன்னொரு துயரம். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவில் பெயர் மாற்றி, மின் இணைப்பைப் பெயர் மாற்றி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு அலுவலகத்தில் சொட்டுநீர் மானியம் கேட்டுப் போனேன். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் உண்டு. அங்கே இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "விவசாயி வரலையாம்மா?" என்று கேட்டார். "நான்தான் விவசாயி" என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்ன பிறகு குரல் நடுங்கியது. எங்கள் பக்கத்தில் களையெடுப்பது, கீற்று முடைவது, மட்டை பொறுக்குவது எல்லாம் பெண்கள்தான். ஆனால் வீட்டுக்காரர் போன மறுநாள், அவளுக்கு என்ன தெரியும் என்கிறோம். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

குத்தகை பற்றியும் சொல்ல வேண்டும். குத்தகைக்கு விடுவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. காய் விலை இறங்கினாலும் அடுப்பு எரியும். அப்படி ஒரு வருமானம் இல்லாத, முட்டி தேய்ந்த ஒருவருக்கு, கையில் வருகிற குத்தகைப் பணம் பெரிய ஆறுதல். அதை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் காய்க்கிற தோப்பை ஒரு வருஷக் குத்தகைக்கு எடுப்பவர் காயைத்தான் பார்ப்பார். எரு வைக்க, வேரில் நோய் பார்க்க அவருக்கு ஏன் மனசு வரும்? என் கொழுந்தனார் தோப்பை மூன்று வருஷம் விட்டார். திரும்பி வாங்கியபோது அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்துகொண்டிருந்தது. தஞ்சாவூர் வாடல் நோய் என்று எங்கள் மாவட்டத்தின் பெயரையே சுமந்திருக்கிற நோய். தொடக்கத்திலேயே பார்த்திருந்தால் வேப்பம்பிண்ணாக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் வைத்துப் பரவாமல் நிறுத்தியிருக்கலாம். பதினோரு மரம் போனது.

வயதைப் பற்றிப் பேசாமல் விட்டால் பொய்யாகிவிடும். எனக்கு இப்போது 65. தெளிப்பான் 16 லிட்டர் பிடிக்கும். நான் அதில் பாதிதான் நிரப்பிச் சுமக்கிறேன். வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கரும்பூசணம் படிந்தபோது, அடியிலைகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க ஆள்தான் வைத்தேன். போன வருஷம் வரப்பில் வழுக்கி மணிக்கட்டு பிசகியது. அதற்கப்புறம் மழை நாளில் தனியாகப் போவதில்லை. இரண்டு மாடும் ஒரு கன்றும் இருந்தன. சாணி அள்ளிக் குனிந்து நிமிர முடியாமல் ஆனதும், நானே முடிவு செய்து நானே விற்றேன். கயிற்றை மாற்றிக் கொடுத்தபோது அழுதேன். ஆனாலும் அது என் முடிவு என்பதில் ஒரு திடம் இருந்தது. அடுத்து ஊடுபயிரை விட்டேன். இப்போது தோப்பு மட்டும்தான். அதையும் ஒருநாள் விடுவேன். எதை முதலில் விடுவது, எதைக் கடைசியில் விடுவது என்பதை நான்தான் சொல்வேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகனோடு இதற்காக ஒரு வருஷம் மனஸ்தாபம் இருந்தது. வாரம் தவறாமல், "அம்மா, எப்ப விக்கலாம்?" என்று கேட்பான். பயத்தில் கேட்கிறான் என்பது எனக்குப் புரியும், தோப்பில் தனியாக விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்று. ஒருநாள் போனில் நான் கத்திவிட்டேன். அடுத்த வாரம் அவன் வேறு மாதிரிக் கேட்டான்: "இப்ப எந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா?" அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எவ்வளவோ மாறியது. மோட்டாரை செல்போனிலிருந்து போட்டு நிறுத்துகிற கருவியை வாங்கிப் பொருத்தச் சொல்லிப் பணம் அனுப்பினான். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நின்றது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான், தம்பிகளா. விற்கலாமா என்று கேட்காதீர்கள். எந்த வேலை கனக்கிறது என்று கேளுங்கள். அதற்கு ஒரு ஆளோ கருவியோ ஏற்பாடு செய்யுங்கள். மருமகளும் பேரனும் லீவுக்கு வந்தால் ஒரு நாள் தோப்பில் இருக்கட்டும். என் பேரன் இந்த மே மாதம் வந்தபோது, "அப்பாயி, இதுல என் பாதி எது?" என்று கேட்டான். நெட்டை வரிசைகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி 96 என்றான். நான்கு கன்று பட்டுப்போனது எனக்குத் தெரியும். அவன் எண்ணிச் சொன்னபோதுதான் அந்த நான்கு குழியும் வெறுமையாகக் கண்ணில் பட்டது.

அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த நான்கு இடத்திலும் பழைய வேரைத் தோண்டி எடுக்கச் சொன்னேன். வேப்பங்குளத்தில் நெட்டைக் கன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். குழி எடுத்து வெயிலில் ஆறப்போட்டாகிவிட்டது. மணலும் மக்கிய எருவும் கொட்டகையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கன்று வருகிறது. கயிறு பிடிக்க நாத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.