கால்சட்டைக்குள் வெடிகுண்டா? முடியாது!

ஆங்கில நடிகர் ஆர்தர் லோ ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: திரையில் கால்சட்டையைக் கழற்ற மாட்டேன். ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரில் ஒரு காட்சி. கால்சட்டைக்குள் வெடிகுண்டைச் செருகுவார்கள். அது இவருக்கு எழுதப்பட்டது. மறுத்துவிட்டார். குண்டு சக நடிகர் கிளைவ் டன்னின் கால்சட்டைக்குள் போயிற்று. இதை அவருடைய வீம்புக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கோ அவருடைய நடிப்பின் சூட்சுமமே அந்த மறுப்பில்தான் இருப்பதாகப் படுகிறது.

பார்க்காதவர்களுக்காக: 1968 முதல் 1977 வரை பிபிசியில் 80 பகுதிகள் வந்த தொடர். இரண்டாம் உலகப் போர்க்காலம். ஹிட்லரின் படை எப்போது வந்து இறங்குமோ என்று காத்திருக்கும் ஒரு கடலோர ஊர். கிழவர்களையும் ஒரு அரைகுறைப் பையனையும் வைத்து ஓர் ஊர்க்காவல் படை. அதற்குத் தன்னைத்தானே தலைவராக்கிக்கொண்ட வங்கி மேலாளர்தான் லோ நடித்த கேப்டன் மேனரிங். (எழுதுவதென்னவோ மெயின்வாரிங் என்றுதான். ஆங்கிலேயர்களைத் திருத்த முடியாது.)

குள்ளம், வழுக்கை, வட்டக் கண்ணாடி. சர்ச்சில் இல்லாவிட்டால் நாட்டைத் தாங்குவது தான்தான் என்ற நினைப்பு. வங்கியிலும் படையிலும் இவருக்குக் கீழே இருக்கும் வில்சனோ பெரிய இடத்துப் பிள்ளை. இவர் பல வருடமாக நுழையத் தவிக்கும் கோல்ஃப் கிளப், வில்சனைத் தானாகவே கூப்பிடுகிறது. அப்போது லோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பு வருகிறது, கூடவே பாவமாகவும் இருக்கிறது. அதே மனிதர்தான் வங்கிப் பெட்டகத்தில் விழுந்த வெடிக்காத குண்டை வில்சனோடு சேர்ந்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். பந்தா பேர்வழிதான், கோழை இல்லை. தான் வேடிக்கையான ஆள் என்பது மேனரிங்குக்குத் தெரியவே கூடாது. கால்சட்டை அவிழ்ந்தால் அது தெரிந்துபோகும்.

‘லோ நடிக்கவே இல்லை, நிஜத்திலும் அவர் அப்படித்தான்’ என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1973-இல் வந்த ‘ஓ லக்கி மேன்!’ படத்தில் மூன்று வேடங்கள் செய்து சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரை விருதை வாங்கியவர் அவர். (மூன்றில் ஒன்று முகத்தில் கருப்பு பூசிய வேடம். இன்று பார்க்கக் கூசுகிறது.) தன்னையே நடிப்பவருக்கு அது எப்படிக் கைகூடும்?

அப்புறம், அந்த நடிப்பு சும்மா வந்ததும் இல்லை. 1915-இல் பிறந்தவர், மான்செஸ்டர் பக்கம் வளர்ந்து, போரில் மத்தியக் கிழக்குக்குப் போய், அங்கே சிப்பாய்களுக்காக நாடகம் போட்டுப் பழகியவர். தொழில்முறையில் மேடையேறும்போது வயது முப்பதை ஒட்டிவிட்டது. 1949-இல் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ படத்தின் கடைசியில் ஒரு நிருபராகத் தலைகாட்டுவார், அவ்வளவுதான். ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரில் ஸ்விண்ட்லி என்ற கடைக்காரராக வந்த பிறகுதான் மக்களுக்கு முகம் தெரிந்தது. மேனரிங் கிடைத்தபோது வயது 52. அதுவும் முதலில் வேறொருவரைக் கேட்டு, அவர் மறுத்த பிறகுதான்.

1982 ஏப்ரலில் பர்மிங்காமில் ஒரு நாடகம். அன்று மதியம் தொலைக்காட்சியில் நேரலைப் பேட்டி கொடுத்துவிட்டு வந்தவர், ஆட்டம் தொடங்கும் முன் ஒப்பனை அறையில் பக்கவாதம் வந்து சரிந்தார். மறுநாள் விடியற்காலை போய்விட்டார். அவர் மனைவி ஜோன் கூப்பரும் அதே நாடகத்தில் இருந்தார். கணவரின் இறுதிச்சடங்குக்கு அவர் வரவில்லை. நாடகம் அடுத்த ஊருக்குப் போயிருந்தது, அவரும் போய் நடித்துக்கொண்டிருந்தார்.