புரூஜ் நகரை மருத்துவமனையில் தொடங்கிப் பாருங்கள்

பெல்ஜியம் போய்வருகிற நம்மவர்கள் பலரும் புரூஜ் நகரின் படங்களைப் பகிர்கிறார்கள். கால்வாயில் படகு, சந்தைச் சதுக்கத்து மணிக்கூண்டு, கையில் வாஃபிள், சாக்லேட் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் குழந்தைகள். எல்லாம் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அருங்காட்சியகம் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டால், "அதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்கிறார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான்; காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். அந்த வசதியே இந்த ஊருக்கு வினையாகிவிட்டது. நான் பார்த்த ஒருநாள் சுற்றுலா அட்டவணை ஒன்றில் சாக்லேட் ருசிக்க நேரம் ஒதுக்கியிருந்தார்கள்; ஓவியத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"லூவர் பார்த்தாயிற்று, லண்டன் நேஷனல் கேலரியும் பார்த்தாயிற்று. இந்தச் சின்ன ஊரில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. லண்டனில் கூட்டம் கூடி நின்று பார்க்கும் அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தை யான் வான் ஐக் 1434இல் தீட்டியபோது அவர் குடியிருந்த ஊர் இந்தப் புரூஜ்தான். லண்டனில் அது தலைசிறந்த படைப்புகளின் வரிசையில் ஒன்றாகத் தொங்குகிறது. புரூஜில் இருக்கும் ஓவியங்களின் கதை வேறு. அவை யாருக்காகத் தீட்டப்பட்டன, எந்தச் சுவரில் இருந்தன, எதிரே யார் நின்றார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த இடங்கள் பலவும் நடந்துபோகும் தூரத்தில் இன்னும் இருக்கின்றன. சில ஓவியங்கள், எந்த வளாகத்துக்காகத் தீட்டப்பட்டனவோ அதே வளாகத்தில்தான் இன்றும் இருக்கின்றன. இந்த வாய்ப்பைப் பெரிய தலைநகர அருங்காட்சியகங்கள் தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்த வளாகம்தான் புனித யோவான் மருத்துவமனை. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. யாத்திரிகர்கள், வழிப்போக்கு வணிகர்கள், ஊரின் ஏழை நோயாளிகள் என்று யார் வந்தாலும் துறவறச் சகோதரர்களும் சகோதரிகளும் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே நுழைந்தால் கல் தூண்கள் தாங்கும் நீண்ட கூடம். இதுதான் நோயாளிகள் படுத்திருந்த இடம். யான் பேர்பிளாக் என்பவர் 1778இல் இதே கூடத்தைத் தீட்டிய பெரிய ஓவியம் இங்கேயே இருக்கிறது. மரப்பெட்டிகளைப் போன்ற கட்டில்கள் வரிசை வரிசையாக, அவற்றுக்கு நடுவே ஓயாமல் வேலை பார்க்கும் சகோதரிகள். ஓவியத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அதே தூண்கள் நம் முன்னால் நிற்கின்றன. என்னோடு வந்தவர்கள் எல்லோரையும் இந்த ஓவியத்தின் முன்னால்தான் முதலில் நிறுத்தியிருக்கிறேன். இதைப் பார்த்தபிறகு அடுத்த அறையில் இருப்பது தானாகவே புரியும்.

அடுத்து இருப்பவை ஹான்ஸ் மெம்லிங்கின் ஓவியங்கள். ஜெர்மனியின் செலிகன்ஷ்டாட்டில் பிறந்து, 1465இல் புரூஜ் குடியுரிமை பெற்று, 1494இல் இங்கேயே இறந்தவர். போரில் காயம்பட்டு வந்த ஒரு படைவீரன், இந்த மருத்துவமனைச் சகோதரிகளின் கவனிப்பில் பிழைத்து, நன்றிக்கடனாக ஓவியங்கள் தீட்டித் தந்தான் என்று ஒரு கதை வெகுகாலம் உலவியது. உண்மை அப்படியில்லை. அவர் நல்ல வசதியோடு வாழ்ந்த, கைநிறைய வேலை வைத்திருந்த தொழில்முறை ஓவியர். மருத்துவமனை அவரிடம் வேலை கொடுத்தது, கூலி கொடுத்தது. எனக்கு அந்தக் கதையைவிட இந்த உண்மைதான் பிடித்திருக்கிறது. நோயாளிகளுக்குக் கஞ்சியும் கட்டிலும் கொடுத்த ஒரு நிறுவனம், ஊரிலேயே சிறந்த ஓவியர் வேண்டும் என்று தேடிப் போயிருக்கிறது!

1479ஆம் ஆண்டு என்று பொறித்த, கதவுபோல் மூடும் இரண்டு பக்கப் பலகைகள் கொண்ட பெரிய பீட ஓவியம் கூடத்தை ஒட்டிய தேவாலயத்தின் பலிபீடத்துக்காகச் செய்தது. நடுவில் மரியாளும் குழந்தையும். இருபுறமும் மருத்துவமனையின் காவல் புனிதர்களான இரண்டு யோவான்கள்: இயேசுவுக்குத் திருமுழுக்கு கொடுத்தவர் ஒருவர், நற்செய்தி எழுதியவர் மற்றவர். இடது கதவில் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுகிறது. வலது கதவில் மற்ற யோவான், பத்மோஸ் தீவின் பாறையில் எழுதுகோலோடு உட்கார்ந்து உலகமுடிவின் காட்சிகளைப் பார்க்கிறார். நான்கு குதிரைவீரர்களும் தூரத்தில் வருகிறார்கள். எல்லோரும் இந்த உள்பக்கத்தையே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து பின்பக்கம் சுற்றிப் போங்கள். கதவுகளை மூடினால் தெரியும் பக்கத்தில் நான்கு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள்: இரண்டு சகோதரர்கள், இரண்டு சகோதரிகள். மருத்துவமனையை நடத்தியவர்கள், பெயர் தெரிந்தவர்கள். பெண்கள் இருவரின் முகமும் களைத்த, உறுதியான, நாள் முழுக்க வேலை பார்க்கிறவர்களின் முகம். வணிகர்களையும் வங்கிக்காரர்களையும் தீட்டிய அதே கவனத்தோடு மெம்லிங் இவர்களையும் தீட்டியிருக்கிறார். பக்கத்திலேயே இருக்கும் சிறிய ஓவியத்தைத் தீட்டச் சொன்ன யான் ஃப்ளோரைன்ஸும் இங்கே பணிபுரிந்த சகோதரர்தான். மூன்று ஞானியர் வந்து வணங்கும் காட்சியின் ஓரத்தில் முழந்தாளிட்டிருக்கிறார், தலைக்கு அருகே சுவரில் அவர் வயது 36 என்று எழுதியிருக்கிறது.

அப்புறம், ரோமுக்கு யாத்திரை போய்த் திரும்பும்போது கொலோனில் கொல்லப்பட்டதாகக் கதை சொல்லும் புனித ஊர்சுலாவின் பேழை. புனிதர்களின் எலும்பு போன்ற புனிதப் பண்டங்களை வைக்க மரத்தில் செய்து பொன்பூசிய, சிறு கோவில் வடிவப் பெட்டி; 1489இல் பண்டங்களை வைத்தார்கள். உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நீளவாட்டில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு காட்சிகள்: கப்பலில் கொலோன், பாசல், ரோம் நகரம், மீண்டும் பாசல், மீண்டும் கொலோன், அங்கே கொலை. குனிந்து பாருங்கள். கொலோன் பேராலயம் கட்டி முடிக்கப்பட்டது 1880இல்தான். மெம்லிங் காலத்தில் அது பாதியில் நின்ற கட்டடம். அதைப் பாதியில் நிற்பதாகவே தீட்டியிருக்கிறார். கடைசிக் காட்சியில் வில்லாளி ஒருவன் நாணை இழுத்துவிட்டான். ஊர்சுலா மிக அருகில் நிற்கிறாள், முகத்தில் பதற்றமே இல்லை. மரணத்தை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்கள் நிறைந்த வீட்டில் இந்தப் பெட்டி இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால், அது வெறும் புனிதர் கதையாக இருக்காது.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் எதிரே அன்னை மரியாள் தேவாலயம். மிக்கேலாஞ்சலோவின் பளிங்கு மரியாள் இங்கே இருப்பது பலருக்கும் தெரியும். இந்த ஊர்த் துணி வணிகக் குடும்பம் ஒன்று வாங்கி, அவர் உயிரோடு இருக்கும்போதே இத்தாலியிலிருந்து கொண்டுவந்த சிலை. 1794இல் பிரெஞ்சுக்காரர்கள் பாரிசுக்குத் தூக்கிப் போனார்கள், திரும்பி வந்தது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் மெத்தைகளில் சுற்றிச் செஞ்சிலுவை வண்டியில் கடத்தினார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவில் அல்டௌசே உப்புச் சுரங்கத்தில் கண்டெடுத்து மீண்டும் இங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்து க்ரூட்ஹூஸ மாளிகை அருங்காட்சியகத்தில், 1472இல் கட்டிய ஒரு மரத்தாலான சிறு பிரார்த்தனை அறை இருக்கிறது. மாளிகைக்காரர்கள் வீட்டைவிட்டு இறங்காமலே அதன் சன்னல் வழியாகத் தேவாலயப் பீடத்தைப் பார்த்து வழிபட்டார்கள். இங்கிலாந்தின் நான்காம் எட்வர்ட் நாடிழந்து 1470இல் ஓடிவந்தபோது அவருக்கு ஆதரவு கொடுத்த லோடெவைக்கின் வீடு இது. அந்தச் சன்னலில் நின்று பார்த்தால் அக்காலத்துப் பணக்காரர்களின் பக்தியும் பெருமிதமும் சேர்ந்தே புரிகின்றன.

இதற்குப் பிறகுதான் க்ரூனிங்க அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும் என்பேன். அங்கே இருப்பவை தங்கள் பழைய இடத்தை இழந்தவை. வான் ஐக்கின் 'வான் டெர் பாலே குருவோடு மரியாள்' 1436இல் புனித தோனாஸ் தேவாலயத்துக்காகத் தீட்டப்பட்டது. அந்தத் தேவாலயத்தை 1799இல் இடித்துவிட்டார்கள். 1441இல் இறந்த வான் ஐக்கை அடக்கம் செய்ததும் அங்கேதான். அவர் கல்லறையும் போயிற்று. ஊர் நடுவில் பர்க் சதுக்கத்தில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் தேவாலயத்தின் எச்சங்கள் மட்டும் இருக்கின்றன. ஓவியத்தின் முன்னால் நின்று குரு யோரிஸ் வான் டெர் பாலேயின் முகத்தைப் பாருங்கள். நெற்றிப்பொட்டில் புடைத்த நரம்பு, தொங்கும் கன்னம், கையில் மூக்குக்கண்ணாடியும் செபநூலும். இந்த முகத்தை வைத்தே அவருக்கு என்ன நோய் இருந்திருக்கும் என்று நவீன மருத்துவர்கள் விவாதித்திருக்கிறார்கள் என்றால் துல்லியம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தலைக்கவசத்தை உயர்த்தி வணங்கும் புனித ஜார்ஜின் கவசத்தில் ஓர் உருவம் மங்கலாகப் பிரதிபலிக்கிறது. அது வான் ஐக்தான் என்று பலரும் கருதுகிறார்கள். எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தவர் வான் ஐக் என்று பழைய நூல்கள் சொன்னது சரியல்ல. அது அவருக்கு முன்பே இருந்தது. ஒளி ஊடுருவும் மெல்லிய படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, உலோகத்தை உலோகமாகவும் பட்டுத்துணியைப் பட்டாகவும் காட்டியதுதான் அவர் சாதனை. அதே அருங்காட்சியகத்தில் மனைவி மார்கரெட்டை அவர் 1439இல் தீட்டிய சிறு ஓவியமும் உண்டு. அதன் சட்டத்தில் மார்கரெட்டே பேசுகிறார்: என் கணவர் யான் என்னை இந்த ஆண்டு ஜூன் 17இல் முடித்தார், எனக்கு வயது 33.

ஆனால் இந்த அருங்காட்சியகத்தில் என்னை மிகவும் உலுக்கியது வேறு ஒன்று. கெரார்ட் டாவிட் 1498இல் முடித்த 'காம்பிசஸின் தீர்ப்பு'. இரண்டு பெரிய பலகைகள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன கதை: லஞ்சம் வாங்கித் தீர்ப்பு மாற்றிச் சொன்ன நீதிபதி சிசாம்னஸை உயிரோடு தோலுரிக்கச் சொல்கிறான் பாரசீக மன்னன் காம்பிசஸ். முதல் பலகையில் மன்னன் விரல்விட்டுக் குற்றங்களை எண்ணுகிறான். நீதிபதி இருக்கையிலேயே பிடிபடுகிறான். பின்னால் தூரத்தில் ஒரு வாசலில் பணப்பை கைமாறுகிறது. இரண்டாவதில் மேசைமேல் கிடத்தித் தோலை உரிக்கிறார்கள். காலை உரிக்கிறவன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுக்கிறான். சுற்றி நிற்கும் பெரிய மனிதர்கள் முகம் சுளிக்காமல் நிற்கிறார்கள். பின்னணியில், தந்தையின் தோல் போர்த்திய அதே இருக்கையில் மகன் புதிய நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான்.

இதைத் தீட்டச் சொன்னது புரூஜ் நகர நிர்வாகம். மாட்டியிருந்தது நகரமன்றத்தில், வழக்கு விசாரித்த உறுப்பினர்கள் அமரும் அறையில். நீதி சொல்ல வந்தவர்கள் தினமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அதற்குப் பத்தாண்டு முன்னால், 1488இல், இதே ஊர் மக்கள் தங்களை ஆண்ட மாக்சிமிலியனைப் பிடித்துச் சிறைவைத்தார்கள். அவருடைய அதிகாரி பீட்டர் லாங்கால்ஸைத் தலைவெட்டிக் கொன்றார்கள். அந்தக் கொந்தளிப்பு ஊரின் நினைவில் இருந்தபோது பிறந்த படம் இது. அருங்காட்சியகத்திலிருந்து பொடிநடையாகப் போனால் நகரமன்றம் வந்துவிடும். ஓவியத்தைப் பார்த்த சூட்டோடு அங்கே போய், அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நில்லுங்கள். பொதுப் பணியில் இருக்கிற யாராவது உங்களோடு பயணம் வந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

"எல்லாம் மத ஓவியங்கள், நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. இந்தப் படம் மதம் பற்றியதா? களைத்த மருத்துவமனைச் சகோதரிகளும் நோயுற்ற கிழவரின் நரம்பும் மதம் பற்றியவை மட்டும்தானா? பக்தி இல்லாதவர்களுக்கும் அங்கே மனித முகங்கள் போதும். பைபிள் கதை தெரியாவிட்டால் என்ன, யார் மண்டியிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள்தான் பணம் கொடுத்தவர்கள், அந்த ஊரில் நடமாடியவர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புரூஜ் ஏதோ 15ஆம் நூற்றாண்டிலேயே உறைந்துவிட்ட ஊர் என்று பயணக் கையேடுகள் சொல்வதை நம்பவேண்டாம். கடலோடு இணைத்த ஸ்வின் என்ற கடற்கழி தூர்ந்துபோக, வணிகம் ஆண்ட்வெர்ப்புக்குப் போய்விட்டது. ஊர் ஏழையானதால்தான் பழைய தெருக்கள் தப்பின. சந்தைச் சதுக்கத்தில் நீங்கள் பழமையென்று படமெடுக்கும் மாகாண மன்றக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் கட்டத் தொடங்கியது. 1902இல் இந்த ஊரில் நடந்த பழைய பிளெமிய (இந்தப் பகுதி) ஓவியர்களின் கண்காட்சிக்குப் பிறகுதான் மெம்லிங்கையும் டாவிட்டையும் பற்றி உலகம் புதிதாகப் பேசத் தொடங்கியது. கட்டடங்களில் எது பழையது, எது பிற்காலத்தது என்று நமக்குச் சட்டென்று தெரியாது. ஓவியங்களில் அந்தக் குழப்பம் இல்லை. இந்த ஊரின் 15ஆம் நூற்றாண்டை நேருக்கு நேர் பார்க்க அவற்றைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். மாலை ரயில் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனபிறகு ஊர் வேறு ஊராகிவிடும், காலையில் அருங்காட்சியகங்களிலும் நெரிசல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் வாரவிடுமுறை வேறுபடும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தங்க வழியில்லை, ஒரே பகல்தான் என்றால் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காலைப்பொழுது முழுவதையும் அங்கே கொடுங்கள். பிறகு தெருவைத் தாண்டித் தேவாலயம், அதை ஒட்டி க்ரூட்ஹூஸ. காலில் தெம்பிருந்தால் க்ரூனிங்க. படகும் வாஃபிளும் அதற்குப் பிறகு.